திண்ணையைத் திறந்து வைங்க, உள்வீட்டைப் பூட்டுங்க

1/
இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்லை. வீட்டு வைஃபை ரூட்டரைப் பத்தி ஒரு நீண்ட பதிவு. "டாக்டருக்கு எதுக்கு இந்த வேலை?"ன்னு கேப்பீங்க. காரணம் இருக்கு, சொல்றேன்.

என் கருத்தை முதல்லயே வெச்சிடறேன். ரூட்டர் பாதுகாப்பு கம்ப்யூட்டர் படிச்சவங்க சமாச்சாரம் மட்டும் இல்லை. கை கழுவறது, தண்ணித் தொட்டியை மூடி வைக்கிறது மாதிரி அதுவும் ஒரு சுகாதாரப் பழக்கம். ஒரு வீட்டுல தொட்டி திறந்து கிடந்தா கொசு தெருவுக்கே போகும். ஆனா அந்தப் பழக்கம் இன்னும் வரலைன்னு மொத்தப் பழியையும் மக்கள் மேல போடறது நியாயமே இல்லை.

2/
மடுகரை, நெட்டப்பாக்கம் பக்கம் எல்லாம் இப்ப ஃபைபர் வந்தாச்சு. பையன் வீட்டுல இருந்தே கம்பெனி வேலை பாக்கறான், பொண்ணு நீட்டுக்குப் படிக்குது, தாத்தா ஓய்வூதியம் வந்துச்சான்னு போன்லயே பாக்கறார். மாட்டுக் கொட்டாயில கூட கேமரா மாட்டியிருக்காங்க. இது எல்லாமே டிவிக்குப் பக்கத்துல பச்சை விளக்கு மினுக்கற அந்த ஒரு சின்னப் பெட்டி வழியாத்தான் போகுது, வருது.

வாசக்கதவுக்குத் தாழ்ப்பாள் போடாம யாரும் தூங்கப் போறதில்லை. இந்தக் கதவைப் பத்தி மட்டும் யாரும் யோசிக்கறதில்லை.

3/
என்கிட்ட வர்ற ஒரு பெரியவர், ஓய்வுபெற்ற மில் தொழிலாளி. தூக்கம் வரலை, பிரஷர் ஏறிப்போச்சுன்னு வந்தார். பேசப் பேச விஷயம் வெளிய வந்துச்சு. மாசம் பாதி போறதுக்குள்ள நெட் வேகம் செத்துடுதாம். பேரன்தான் ராத்திரி முழுக்க ஏதோ பாக்கறான்னு வீட்டுல சந்தேகம். திட்டு, அடி, போனைப் பிடுங்கி வெச்சாச்சு. பையன் ஒரு வாரமா தாத்தா கூடப் பேசலை.

ரூட்டர்ல யார் யார் சேந்திருக்காங்கன்னு பாக்கச் சொன்னேன். வீட்டுல மூணு போன், ஒரு டிவி. பட்டியல்ல இருந்தது பதினொண்ணு.

பேரன் எப்பவோ ஒரு ஃபிரெண்டுக்குச் சொன்ன பாஸ்வேர்டு தெரு முழுக்கப் போயிருக்கு. கனெக்‌ஷன் போட்ட அன்னைக்கு வெச்சது, அவர் போன் நம்பரேதான்.

4/
நான் கொடுத்த மாத்திரை அவருக்கு வேலை செஞ்சதா, மாத்தின பாஸ்வேர்டு வேலை செஞ்சதான்னு எனக்கே சந்தேகம்தான்.

இது டேட்டா போன கதை மட்டும்னா விட்டுடலாம். ஆனா ஒண்ணு யோசிங்க. அந்தப் பதினொண்ணுல ஒருத்தர் தப்பான காரியம் ஏதாவது செஞ்சிருந்தா, வெளி உலகத்துக்குத் தெரியற முகவரி யாரோடது? ஆதாரைக் கொடுத்து கனெக்‌ஷன் வாங்கின அந்தப் பெரியவரோடது.

5/
"அதெல்லாம் நடக்குமா டாக்டர்?" நடந்திருக்கு.

2008 ஜூலை 26. அகமதாபாத்ல தொடர் குண்டுவெடிப்பு, 50 பேருக்கு மேல இறந்தாங்க. வெடிக்கறதுக்குச் சில நிமிஷம் முன்னாடி டிவி சேனல்களுக்கு ஒரு மிரட்டல் மெயில் வந்துச்சு. போலீஸ் அந்த ஐபி முகவரியைத் தேடிப் போனா, நவி மும்பை சான்பாடாவுல ஒரு அபார்ட்மெண்ட் வீடு. குடியிருந்தவர் ஒரு அமெரிக்கர். கம்ப்யூட்டரை எல்லாம் எடுத்துட்டுப் போய் அவரை விசாரிச்சாங்க.

அவர் வைஃபை பூட்டாம கிடந்தது. அதை யாரோ பயன்படுத்தியிருக்காங்க.

6/
அதோட நிக்கலை. அதே வருஷம் மாட்டுங்காவுல ஒரு கல்லூரியோட வைஃபை, செம்பூர்ல ஒரு தனியார் நிறுவனத்தோட வைஃபைன்னு இன்னும் ரெண்டு மெயில். 2009 ஜனவரியில மும்பை போலீஸ், தெருத்தெருவாப் போய் பூட்டாத வைஃபை எங்கெங்க இருக்குன்னு தேடப் போறோம்னு அறிவிக்கற அளவுக்கு ஆயிடுச்சு.

அந்த வீட்டுக்காரர் பணக்காரர், வெளிநாட்டுக்காரர். வக்கீல் வெச்சுக்க முடியும். நம்ம தெருவுல ஒரு விவசாயி வீட்டு வாசல்ல ஜீப் வந்து நின்னா? "நான் இல்லை சார்"னு நிரூபிக்கறதுக்குள்ள அந்தக் குடும்பம் என்ன பாடுபடும்?

7/
ரெண்டாவது கதை நமக்கு இன்னும் நெருக்கம். 2017 ஜூலை கடைசி வாரம். பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் பிராட்பேண்ட் வாடிக்கையாளர்கள் பல பேருக்குத் திடீர்னு நெட் போச்சு. 60,000க்கும் மேற்பட்ட மோடம்கள் பாதிக்கப்பட்டதாச் செய்தி வந்துச்சு. யாரோ ஒரு தீய நிரலை அனுப்பி மோடத்தோட உள் அமைப்பையே கலைச்சுட்டாங்க.

எப்படி உள்ள போனாங்க? பூட்டை உடைக்கலை. பெட்டி வரும்போதே இருக்கற "அட்மின்" பயனர் பெயர், "அட்மின்" பாஸ்வேர்டு. அதை யாரும் மாத்தவே இல்லை. பாஸ்வேர்டை மாத்துங்கன்னு பிஎஸ்என்எல் அதுக்கு அப்புறம்தான் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கிச்சு.

8/
இங்க ஒரு மருத்துவ விஷயம் சொல்லணும். டைபாய்டுல "கேரியர்"னு உண்டு. ஆள் நல்லாத்தான் இருப்பார், காய்ச்சல் இருக்காது. ஆனா அவர்கிட்ட இருந்து மத்தவங்களுக்குப் பரவும்.

ரூட்டரும் அப்படித்தான். 2016ல "மிராய்"ன்னு ஒரு தீய நிரல். கம்பெனியில வெச்ச பாஸ்வேர்டுகள்ல சுமார் 60 ஜோடியை வரிசையாப் போட்டுப் பாத்தே உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமரா, ரூட்டர் உள்ள நுழைஞ்சுது. அந்த அக்டோபர்ல அதுங்களை எல்லாம் ஒரே நேரத்துல ஏவிவிட்டப்போ அமெரிக்காவுல ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் மாதிரி தளங்களே பல மணி நேரம் தடுமாறிச்சு. தங்கள் வீட்டுப் பெட்டியும் அதுல கூலிக்கு வேலை பாத்துச்சுன்னு சொந்தக்காரங்க பல பேருக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

"என்கிட்ட திருட என்ன இருக்கு?"ன்னு கேக்கறவங்களுக்கு இதுதான் பதில். உங்க பணம் வேண்டாம், உங்க பெட்டி போதும்.

9/
சரி, வைத்தியத்துக்கு முன்னாடி நோய் என்னன்னு பாக்கணும். காய்ச்சல் எல்லாம் டெங்கு இல்லை. நெட் ஸ்லோ எல்லாம் ஹேக்கிங் இல்லை.

ஸ்லோவுக்கு சாதாரணக் காரணங்கள்தான் அதிகம்:
• ரூட்டரை இரும்பு பீரோ பின்னாடி, டிவிக்கு அடியில ஒளிச்சு வெச்சிருப்பாங்க
• மாச டேட்டா அளவு தீந்திருக்கும்
• ஃபைபர் ஒயரை மடிச்சுக் கட்டியிருப்பாங்க, எலி கடிச்சிருக்கும்
• பெட்டியில "லாஸ்"னு குறிச்ச விளக்கு சிவப்பா எரிஞ்சா லைன்லயே கோளாறு, ஆபரேட்டரைக் கூப்பிடணும்

இதுக்கெல்லாம் பாஸ்வேர்டை மாத்தினா சரியாகாது.

10/
சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள் வேற:
• ரூட்டர் பக்கத்துக்குள்ள போற பாஸ்வேர்டு, நீங்க மாத்தாமலேயே வேலை செய்யலை
• பாங்க் தளம் போட்டா வேற ஏதோ பக்கம் வருது, இல்லை "பாதுகாப்பற்றது"ன்னு எச்சரிக்கை வருது
• வீட்டுல எல்லா போன்லயும் ஒரே மாதிரி சூதாட்ட, லோன் விளம்பரம் தானாத் திறக்குது
• யாரும் பயன்படுத்தாத நடுராத்திரியில கூட டேட்டா ஓடுது

11/
ஒரு எளிய டெஸ்ட் சொல்றேன். வைஃபையை அணைச்சுட்டு மொபைல் டேட்டாவுல அதே பக்கத்தைத் திறங்க.

மொபைல் டேட்டாவுல சரியா வந்து, வைஃபையில மட்டும் கோளாறுன்னா சந்தேகம் ரூட்டர் மேல. ரெண்டுலயும் அதே கோளாறுன்னா நோய் போன்ல. ரூட்டரை விட்டுட்டு, சமீபத்துல லிங்க்கைத் தட்டி ஏத்தின ஆப் எதுன்னு பாருங்க.

பெட்டியில "டிஎன்எஸ்"ஸை யாராவது மாத்தியிருந்தா இப்படித்தான் தெரியும். டிஎன்எஸ்ங்கறது வழி சொல்ற ஆள். நீங்க பாங்குக்கு வழி கேட்டா, அவன் திருடன் வீட்டுக்குக் கை காட்டுவான்.

12/
பட்டியல்ல தெரியாத பேர் இருக்குன்னு உடனே பக்கத்து வீட்டோட சண்டைக்குப் போயிடாதீங்க. ஆண்ட்ராய்டு 10க்கு அப்புறம் வந்த போன்களும், ஐஓஎஸ் 14க்கு மேல இருக்கற ஐபோன்களும் சொந்த அடையாள எண்ணை மறைச்சு வேற எண்ணைக் காட்டும். உங்க மருமகள் போனே புதுப் பேர்ல நிக்கலாம். டிவி, கேமரா, செட்டாப் பாக்ஸ்னு எல்லாமே அதுல வரும்.

வீட்டுல எல்லாத்தையும் ஒவ்வொண்ணா அணைச்சுக்கிட்டே வாங்க. கடைசியில எது மிச்சம் நிக்குதோ, அதுதான் விருந்தாளி.

13/
இப்ப ரொம்ப முக்கியமான விஷயம். ரூட்டருக்குப் பாஸ்வேர்டு ஒண்ணு இல்லை, ரெண்டு.

ஒண்ணு, வைஃபையில சேர்ற பாஸ்வேர்டு. இது வாசக்கதவுச் சாவி.
இன்னொண்ணு, பெட்டியோட அமைப்பையே மாத்தற அட்மின் பாஸ்வேர்டு. இது பீரோ சாவி.

ஜனங்க முதல் சாவியை மட்டும் மாத்திட்டு நிம்மதியா இருக்காங்க. 2017ல போனது ரெண்டாவது சாவி.

14/
வைத்தியம். வரிசையாச் செய்யுங்க:

அ) பெட்டிக்கு அடியில ஒட்டியிருக்கற ஸ்டிக்கரைப் பாருங்க. 192.168.1.1 மாதிரி ஒரு முகவரி இருக்கும். வைஃபையில சேந்துட்டு அதை பிரவுசர்ல போட்டா பெட்டியோட பக்கம் திறக்கும். முதல்ல அட்மின் பாஸ்வேர்டை மாத்துங்க.

ஆ) அடுத்தது வைஃபை பாஸ்வேர்டு. மாத்தினதும் எல்லாரும் வெளிய போயிடுவாங்க. வீட்டு ஆட்கள் மட்டும் திரும்பச் சேரணும். டிவி, கேமராவையும் மறக்காம சேருங்க.

15/
இ) பாதுகாப்பு வகையில "டபிள்யூபிஏ2" இல்லை "டபிள்யூபிஏ3" இருக்கணும். "டபிள்யூஇபி"ன்னு இருந்தா அது 2001லயே உடைச்ச பூட்டு. அதை விட்டா வேற எதுவும் வராத பழைய பெட்டின்னா, பெட்டியையே மாத்துங்க.

ஈ) "டபிள்யூபிஎஸ்"ஸை அணைச்சுடுங்க. எட்டு இலக்க எண், பாக்கப் பெரிய பூட்டு. ஆனா பெட்டி அதை ரெண்டு பாதியாப் பிரிச்சு சரி பாக்கும், கடைசி எண் வெறும் சரிபார்ப்பு எண். அதனால அதிகபட்சம் 11,000 தடவை போட்டுப் பாத்தாலே திறந்துடும்னு 2011 டிசம்பர்லயே வெளிய வந்துடுச்சு.

உ) வெளியில இருந்து நிர்வகிக்கற வசதி, அதாவது "ரிமோட் மேனேஜ்மெண்ட்", திறந்திருந்தா மூடுங்க. மென்பொருள் அப்டேட் இருந்தா போடுங்க.

16/
ஒரு எச்சரிக்கை. பின்னாடி சின்ன ஓட்டையில குச்சியை விட்டு "ரீசெட்" பண்ணினா எல்லாம் சரியாயிடும்னு யாராவது சொல்லுவாங்க. ஆபரேட்டர் கொடுத்த ஃபைபர் பெட்டியில அப்படிச் செஞ்சா அவங்க போட்ட லாகின் விவரமும் சேந்து அழியலாம். அப்புறம் நெட்டே வராது. ஆபரேட்டரைக் கேட்டுட்டுத் தொடுங்க.

அதோட, ரீசெட் ஆனா பழைய "அட்மின்" பாஸ்வேர்டு திரும்ப வந்துடும். ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில நிறுத்தின மாதிரி ஆயிடும். மறுபடியும் மாத்தினாத்தான் வைத்தியம் முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

17/
பாஸ்வேர்டு எப்படி இருக்கணும்? போன் நம்பர் வேண்டாம். உங்க நம்பர் ஊருக்கே தெரியும். தெரியாதவன் கூட பத்து இலக்கத்தை நல்ல கம்ப்யூட்டர்ல ஓட்டிச் சில மணி நேரத்துல கண்டுபிடிச்சுடுவான். பிள்ளை பேரும் பிறந்த வருஷமும் வேண்டாம். 12345678 வேண்டவே வேண்டாம்.

ஒண்ணோட ஒண்ணு சம்பந்தமே இல்லாத நாலு தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்துல சேத்து எழுதுங்க. முறம், கடப்பாரை, பவுர்ணமி, இட்லி மாதிரி. (இதையே வெச்சுடாதீங்க, நான் ஊருக்கே சொல்லிட்டேன்!) நீளமும் இருக்கும், ஆயாவுக்கும் ஞாபகம் இருக்கும். ஒரு நோட்டுல எழுதி பீரோவுல வைங்க. அதுல தப்பே இல்லை. பீகார்ல இருக்கற திருடன் உங்க பீரோவைத் திறக்க மாட்டான்.

18/
சில கை வைத்தியங்கள்:

"வைஃபை பேரை மறைச்சு வெச்சுட்டேன்." தேடறவனுக்கு அது தெரியும். போலிப் பாதுகாப்பு.
"ராத்திரி அணைச்சுடறேன்." கரண்ட் மிச்சம், நல்லது. ஆனா பகல்ல?
"குறிப்பிட்ட போனுக்கு மட்டும் அனுமதி." அந்த அடையாள எண்ணைப் போலியா மாத்திக்கலாம்.

இன்னொண்ணு, "டாக்டர், வைஃபை கதிர்வீச்சுல கேன்சர் வருமா?" வாரம் ஒருத்தராவது கேக்கறாங்க. அது டிஎன்ஏவை உடைக்கற வகைக் கதிர் இல்லை, சக்தியும் ரொம்பக் குறைவு. 2011ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு முகமை ரேடியோ அலைகளை "ஒருவேளை காரணமாக இருக்கலாம்"ங்கற 2பி பட்டியல்ல வெச்சுது. சான்று வலுவா இல்லாதபோது வைக்கற இடம் அது. அந்தப் பெட்டியால வர்ற நிஜமான ஆபத்தைப் பத்தி மட்டும் யாரும் என்கிட்ட கேட்டதில்லை.

19/
இப்ப மனசுக்கு நெருக்கமான சிக்கல்.

நம்ம ஊர்ல தாகம்னு வந்தா தண்ணி கொடுப்போம். பக்கத்து வீட்டுப் பொண்ணு பரீட்சைக்கு ஹால் டிக்கெட் எடுக்கணும்னு பாஸ்வேர்டு கேட்டா "தர மாட்டேன்"னு சொல்ல நாக்கு வருமா? வரக் கூடாது. "யாருக்கும் கொடுக்காதீங்க"ன்னு ஊர் ஊரா அறிவுரை சொல்றவங்க, தெருவுல ஒரே ஒரு கனெக்‌ஷன் இருக்கற இடத்துல வாழ்ந்து பாத்ததில்லை. நான் அந்த அறிவுரையைச் சொல்ல மாட்டேன்.

20/
நான் சொல்றது, திண்ணையில கொடுங்க.

இப்ப வர்ற பெரும்பாலான ரூட்டர்ல "கெஸ்ட் நெட்வொர்க்"னு இருக்கு. தனிப் பேர், தனிப் பாஸ்வேர்டு. அதுல சேர்றவங்க நெட் பாக்கலாம், உங்க கேமரா, கம்ப்யூட்டர் பக்கம் வர முடியாது. சில பெட்டியில வேகத்துக்கும் வரம்பு வைக்கலாம். பரீட்சை முடிஞ்சதும் பாஸ்வேர்டை மாத்திக்கலாம், மனஸ்தாபம் இல்லை.

நம்ம பழைய வீட்டுல திண்ணை எதுக்கு இருந்துச்சு? வழிப்போக்கன் உக்காரலாம், படுக்கலாம். உள்ள வர வேண்டியதில்லை. அதே ஏற்பாடுதான்.

ஆனா திண்ணையில இருந்து எவனாவது கல்லெறிஞ்சாலும் முகவரி உங்க வீட்டோடதுதான். அதனால யாருன்னு தெரிஞ்சவங்களுக்கு மட்டும் கொடுங்க.

21/
இப்ப பொறுப்பு யாரோடதுங்கற கேள்விக்கு வரேன்.

ஒரு காலத்துல ஒரே ஊசியைப் பல பேருக்குப் போட்டு நோய் பரவுச்சு. "கொதிக்க வைங்க, கொதிக்க வைங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தோம். பழக்கம் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி மாறலை. அப்புறம் ஏடி சிரிஞ்சு வந்துச்சு. ஒரு தடவை போட்டா பிஸ்டன் பூட்டிக்கும், ரெண்டாவது தடவை இழுக்கவே முடியாது. தடுப்பூசித் திட்டத்துல அதைத்தான் பயன்படுத்தறோம். மனுஷன் மறந்தாலும் பொருள் மறக்காது.

22/
ரூட்டருக்கும் அதே வேணும். எல்லாப் பெட்டிக்கும் ஒரே "அட்மின்" சாவி போட்டு வித்துட்டு, "ஏன் மாத்தலை?"ன்னு அறுபத்தஞ்சு வயசு பெரியவரைக் கேக்கறது என்ன நியாயம்?

கலிபோர்னியாவுல 2020 ஜனவரி 1 முதல் இதுக்குச் சட்டம் இருக்கு. ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பாஸ்வேர்டு இருக்கணும், இல்லை முதல் தடவை போடும்போதே மாத்த வைக்கணும். பிரிட்டன்ல 2024 ஏப்ரல் 29 முதல் சுலபமா ஊகிக்கக் கூடிய பொதுப் பாஸ்வேர்டோட விக்கவே கூடாது. நம்ம நாட்டுல விக்கற ஒவ்வொரு பெட்டிக்கும், கடையில வாங்கினாலும் ஆபரேட்டர் கொடுத்தாலும், அதே கண்டிப்பு வேணும்ங்கறது என் கோரிக்கை. 2017லயே மத்திய அரசு "சைபர் ஸ்வச்சதா கேந்திரா"ன்னு ஒரு மையம் தொடங்கி, தீய நிரலை நீக்கற கருவிகளை இலவசமாக் கொடுக்குது. நல்ல விஷயம். ஆனா வந்த நோய்க்கு மருந்து கொடுத்துக்கிட்டே, நோய் தர்ற குழாயைத் திறந்து விட்டா எப்படி?

23/
கனெக்‌ஷன் கொடுக்க வர்ற தம்பிகளைக் குறை சொல்லலை. ஒரு நாளைக்குப் பத்து வீடு, கம்பம் ஏறணும், வெயில். பாஸ்வேர்டு வேற வேற வெச்சா "மறந்துட்டேன்"னு நாளைக்கு அம்பது போன் வரும். அதான் போன் நம்பரையே வெச்சுட்டுப் போறாங்க. "அட்மின் பாஸ்வேர்டு எங்ககிட்ட இருந்தாத்தான் சர்வீஸ் பண்ண முடியும்"னும் சொல்லுவாங்க, அதுலயும் ஓரளவு நியாயம் இருக்கு.

ஆனா கிளம்பறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் எடுத்து மூணு விஷயம் செஞ்சு கொடுக்கலாமே? வீட்டுக்காரர் கையாலயே வைஃபை பாஸ்வேர்டு போட வைக்கிறது. "அட்மின்" பாஸ்வேர்டை மாத்திட்டது உண்மைன்னு காட்டறது. கெஸ்ட் நெட்வொர்க் போட்டுக் கொடுக்கறது. நாமளும் இந்த மூணையும் கேக்காம மிச்சப் பணத்தைக் கொடுக்கக் கூடாது.

24/
ஏதாவது நடந்துடுச்சுன்னா? பணம் போயிருந்தா யோசிக்காம 1930க்குப் போன் பண்ணுங்க. மாரடைப்பு மாதிரிதான், முதல் ஒரு மணி நேரம் பொன்னான நேரம். பாங்குக்கும் சொல்லுங்க. உங்க கனெக்‌ஷனை யாரோ தப்பாப் பயன்படுத்தினதாத் தெரிஞ்சா, பட்டியலைப் படம் எடுத்து வெச்சுட்டு அப்புறம் பாஸ்வேர்டை மாத்துங்க. பயந்துபோய் எல்லாத்தையும் அழிச்சுட்டா உங்க பக்கத்துச் சாட்சியும் அழிஞ்சுடும். எழுத்துல புகார் கொடுங்க.

25/
ஞாயித்துக்கிழமை வீட்டுல எல்லாரும் இருக்கும்போது அரை மணி நேரம் ஒதுக்குங்க. ரெண்டு சாவியையும் மாத்துங்க, திண்ணையைத் தனியாப் பிரிங்க. வீட்டுல எட்டாவது படிக்கற பிள்ளைகிட்ட சொன்னா பத்து நிமிஷத்துல முடிச்சுடும். பெரியவங்க பக்கத்துல உக்காந்து பாத்துக் கத்துக்கோங்க.

உங்க வீடு முடிஞ்சதும் தனியா இருக்கற ஒரு வயசானவங்க வீட்டுக்கும் செஞ்சு கொடுங்க. தடுப்பூசி மாதிரிதான் இதுவும். தெருவுல எல்லாரும் போட்டாத்தான் தெருவுக்குப் பாதுகாப்பு.

பிடிச்சிருந்தா பகிருங்க. முக்கியமா, உங்க ஊர் கேபிள் ஆபரேட்டருக்கு அனுப்புங்க.


பொதுநல மருத்துவர், மடுகரை